திருஷ்டிப் பொட்டு வைத்த கடல்

முன்னொரு காலத்தில், கடலில் உப்பைக் கொட்டியது யார் என்று மீன்கள் ஒன்றையொன்று குற்றம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அலைவாய்ப்பட்டினம் என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே ஒரு தெருவில் எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்றில் அண்ணன் பவளமுத்து, துணி வியாபாரி. எதிர்வீட்டில் தம்பி சங்குமுத்து, கப்பல் மாலுமி. அண்ணன் மனைவி கோமளவல்லி, தம்பி மனைவி நீலாயி. ஓரகத்திகள் எதிரெதிர் வீட்டில் இருந்தால் கேட்கவா வேண்டும்!

கோமளவல்லி வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு உண்டு, தேக்கு ஊஞ்சல் உண்டு, ஆளுயரக் கண்ணாடி உண்டு. நீலாயி வீட்டில் சுவர்தான் உண்டு. ஆனால் அந்தச் சுவரைப் பார்க்கத்தான் ஊரே வரும். சங்குமுத்து போய்வந்த கடல்களின் வரைபடங்களை அவள் வீடு முழுக்க மாட்டி வைத்திருந்தாள். கூடத்தில் கீழைக்கடல், அடுப்படியில் மேலைக்கடல். நீல அலை, பச்சைத் தீவு, காற்று வீசும் பக்கம் காட்டும் அம்பு, மூலையில் வாயைப் பிளந்த திமிங்கிலம். ஒருநாள் ராணியே பல்லக்கை நிறுத்தி உள்ளே போய்விட்டாள். "வீடா இது? கப்பலுக்குள்ளே நிற்கிற மாதிரி அல்லவா இருக்கிறது!" என்று மெச்சினாள். எதிர்வீட்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கோமளவல்லி வைத்த ரசத்தை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. அத்தனை மிளகு. வயிற்றெரிச்சலை எங்கேயாவது கொட்ட வேண்டுமே! அரைக்கும்போதும் சொன்னாள், தாளிக்கும்போதும் சொன்னாள், பரிமாறும்போதும் சொன்னாள்: "எனக்கு இல்லாதது அவளுக்கு எதுக்கு?"

புருஷனிடம் திரும்பினாள். "உங்க தம்பி கப்பல்லே நீங்களும் போங்க. அவ வீட்டிலே இல்லாத படமா ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

பாவம் பவளமுத்து, குளத்தைப் பார்த்தாலே தலைசுற்றும் மனுஷன். ஆனாலும் போய்க் கப்பல் ஏறினான்.

கப்பல் திரும்பும்வரை பொறுத்தாளா? அதுதான் இல்லை. இடிந்த கலங்கரை விளக்கத்தில் நண்டுச்சித்தன் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். நேரே அவனிடம் போனாள்.

"நீலாயி வீட்டுப் படமெல்லாம் வெட்கப்படுற மாதிரி எனக்கு ஒரு படம் வேணும், சாமி."

சித்தன் சிரித்தான். அவன் தோளிலிருந்து ஒரு நண்டு இறங்கி, மைக்கூட்டில் காலை நனைத்து, துணிமேல் குறுக்கும் நெடுக்கும் ஓடியது. ஓடிய இடமெல்லாம் கடல் பிறந்தது. வரைந்த கடல் இல்லை, அசைகிற கடல். அலை புரண்டது, பறவை பறந்தது. நடுவில் கடுகளவு கப்பல் ஒன்று ஊர்ந்தது.

"அது உன் வீட்டுக்காரன் போகிற கப்பல்தான்" என்றான் சித்தன். "இதற்கு விலை பொன் இல்லை. நீலாயி வீட்டைப் பற்றி, அவள் முகத்துக்கு நேரே, மனசார ஒரு நல்ல வார்த்தை. அதைச் சொல்லும்வரை இந்தப் படத்தில் ஒரு கோடு கூடாது, ஒரு புள்ளி கூடாது."

"இவ்வளவுதானா? அப்புறமா சொன்னாப் போச்சு!" என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு பறந்தாள்.

மறுநாள் ஊர் முழுக்கக் கோமளவல்லி வீட்டில். அவள் கால் தரையில் பாவவில்லை. கடைசியாக நீலாயியும் வந்தாள். படத்தையே பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குக்கா" என்றாள். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள்.

போச்சு! கோமளவல்லிக்குப் பகீரென்றது. "பெருமூச்சு விட்டாளே! கண்ணு வைச்சுட்டாளே!" பொறாமைக்காரிக்குத்தான் அடுத்தவர் பொறாமை முதலில் கண்ணில் படும். மைச்சிமிழை எடுத்தாள். பிறந்த குழந்தை கன்னத்தில் வைப்பதுபோல, படத்தில் உருண்டையாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். சித்தன் சொன்னது அவள் நினைவிலேயே இல்லை.

அந்தப் பொட்டு கப்பலுக்கு நேர் முன்னால் விழுந்தது. அங்கே நடுக்கடலில் கன்னங்கரேலென்று ஒரு மைக்குளம் திரண்டது. கப்பல் அதில் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டியது மெல்ல உள்ளே இறங்கவும் ஆரம்பித்தது.

கோமளவல்லி பதறினாள். ஈரத்துணியால் துடைத்தாள், கடலில் புயல் எழுந்தது. சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள், கடலை மூடுபனி மூடியது. நகத்தால் சுரண்டினாள், கடல் வாய்க்கால் வாய்க்காலாகப் பிளந்தது. பொட்டு மட்டும் போகவில்லை. கடுகளவு கப்பல் பாதியாகிவிட்டது.

தெருவைத் தாண்டி ஓடினாள். "நீலாயீ! நம்ம ரெண்டு பேர் குடியையும் கெடுத்துட்டேன்டீ!"

நீலாயி வந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. "மை தண்ணிக்கா போகும்? எண்ணெய் எங்கேக்கா?" தேங்காய் எண்ணெயில் விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டாள். அலையெல்லாம் அடங்கிப் படுத்தது. பொட்டு மட்டும் அசையவில்லை.

"சித்தர் வேறே ஏதாவது சொன்னாராக்கா?"

கோமளவல்லிக்கு அப்போதுதான் சித்தன் கேட்ட விலை நினைவுக்கு வந்தது. விஷயத்தைச் சொன்னாள். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "உன் வீடு... பரவாயில்லை" என்றாள்.

பொட்டு பெரிதானது.

"ராணிக்கே பிடிச்ச வீடாச்சே!" என்றாள் உதட்டைச் சுழித்து.

பொட்டு இன்னும் பெரிதானது. பாய்மரத்தின் நுனிதான் இப்போது வெளியே தெரிந்தது.

நீலாயி உடைந்துபோய் அழுதாள். "எனக்கும் உங்க மேலே பொறாமைதான்க்கா. பெரிய அத்தான் தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுறாங்க. உங்க ஊஞ்சல் சத்தம் எனக்குக் கேட்கும். எனக்கு யாரு இருக்கா? சுவர்தான் இருக்கு. அவரு எங்கே இருப்பாருன்னு விரலை வைச்சுத் தேடத்தான் அந்தப் படங்களை மாட்டினேன். அப்போ உங்க படத்தைப் பார்த்தா பெருமூச்சு விட்டேன்? அதிலே அவரு கப்பல் தெரிஞ்சுதேக்கா!"

 அழகுக்கு மாட்டிய படம் என்றல்லவா கோமளவல்லி இத்தனை நாள் நினைத்திருந்தாள்! வெட்கம் வந்தது, அழுகையும் வந்தது. நீலாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வீடு அழகுடீ. மொத நாளே எனக்குப் பிடிச்சுப்போச்சு. அந்தத் திமிங்கிலம் கூடப் பிடிக்கும். அதைச் சொல்ல மனசு வராமத்தான் இத்தனை நாள் வெந்தேன்."

சொல்லி முடிக்கவில்லை, பொட்டு எண்ணெயில் வழுக்கிக்கொண்டு வந்தது. கோமளவல்லி முந்தானையால் ஒற்றி எடுத்தாள். கப்பல் தலையை உதறிக்கொண்டு மேலே வந்து, கரைப்பக்கம் திரும்பியது.

அண்ணனும் தம்பியும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். பவளமுத்து வந்ததும் வராததுமாக, "நடுக்கடல்லே செத்தோம்னுதான் நினைச்சோம். திடீர்னு நம்ம வீட்டுத் தேங்காய் எண்ணெய் வாசனை வந்துச்சு, கப்பல் கிளம்பிடுச்சு!" என்றான். ஓரகத்திகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

சங்குமுத்து அடுத்த பயணம் கிளம்பிய அன்று, கோமளவல்லி மந்திரப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். "ராணி இன்னும் பார்க்கலையே, அதுக்குள்ளே ஏன் கழற்றுறே?" என்றான் பவளமுத்து.

"என் ஆளு ஊஞ்சல்லே உட்கார்ந்திருக்காரு. அவளுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?" என்றாள்.

எதிர்வீட்டுக் கூடத்தில், நீலாயியின் விரல் எட்டும் உயரத்தில், கோமளவல்லியே நின்று அதை மாட்டினாள். பொட்டு மட்டும் வைக்கவில்லை.

அவர்கள் கப்பல் கரை சேர்ந்தது, என் கதையும் சேர்ந்தது. உங்களுக்கும் எதிர்வீடு இருக்குமே, சொல்லாமல் வைத்திருக்கிற நல்ல வார்த்தையைப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.