பெல்ட் இல்லாமல் நடந்த சேர்மன்

திருச்செங்கோட்டுப் பக்கம் அர்த்தநாரி என்று ஒரு முன்னாள் சேர்மன். அவரிடம் ஒரு பழைய கார், அதை ஓட்டக் கருப்பணன் என்று ஒரு டிரைவர். "டைமிங் பெல்ட்டை மாத்திரலாங்கய்யா" என்று கருப்பணன் மூணு வருஷமாய்ச் சொன்னான். "ஓடுற வண்டியில எதுக்குடா கை வைக்கிற?" என்று அவரும் மூணு வருஷமாய்ச் சொன்னார்.

ஒரு முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்குச் சற்று முன்னால் அந்த பெல்ட் அறுந்தது. கார் நடுரோட்டில் நின்றது. வேடிக்கை பார்க்கக் கூட்டமும் சேர்ந்துவிட்டது.

"ஒரு ரப்பர் வார் அறுந்ததுக்கா வண்டி நிக்கும்? அது இல்லாமலே ஓட்டு. இல்லேன்னா இன்னையோட உனக்கு வேலை இல்லை!" என்று சேர்மன் கத்தினார்.

கருப்பணன் தலையைச் சொறிந்தான். "ஓட்டறனுங்க. நீங்க இடுப்புல இருக்கிற பச்சை பெல்ட்டைக் கழட்டிட்டு மண்டபம் வரைக்கும் நடந்து காட்டுங்க. நீங்க போய்ச் சேர்ந்துட்டா வண்டியும் வந்து சேருமுங்க."

கூட்டத்துக்கு முன்னால் சேர்மன் விட்டுக்கொடுப்பாரா? பெல்ட்டைக் கழற்றி வீசினார். வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கம்பீரமாய் நடந்தார்.

மண்டப வாசலில் பெண்வீட்டார் ஒரே குரலாய், "சேர்மன் ஐயா, வணக்கம்!" என்றார்கள்.

முப்பது வருஷ அரசியல் பழக்கம் சும்மா விடுமா? இரண்டு கையும் தானாய் மேலே போயின. வேட்டி தானாய்க் கீழே போனது. நாதஸ்வரம் பாதியில் நின்றது.

பட்டாபட்டி டிராயரோடு ஓடிவந்து காருக்குள் பதுங்கினார் சேர்மன். "டேய் கருப்பணா, அந்த பெல்ட்டை எடுத்துட்டு வாடா!"

"இன்னையோட எனக்கு வேலை இல்லைன்னீங்களே, ஐயா?"

"இருக்குடா, இருக்கு! வண்டிக்கும் புதுசு போட்டுக்கோ. முதல்ல என்னோடதக் கொடு!"