தலைகீழாய்ச் சொன்ன வேண்டுதல்

இலுப்பைக்காட்டு ஏரிக்கரையில் அன்று சாயங்காலம் பதவியேற்பு விழா. கொம்பையன் என்ற காட்டெருமையைக் காடே கூடித் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தது. நரி முதல் நத்தை வரை எல்லாருக்கும் அழைப்பு போயிருந்தது.

எல்லாருக்கும் என்றா சொன்னேன்? ஏரிக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டு. அங்கே வளை தோண்டிக் குடியிருந்த வெள்ளெலிகளுக்குப் போகவில்லை. யாரும் வேண்டுமென்றே விட்டுவிடவில்லை. அவர்கள் ஞாபகம் யாருக்கும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் விழா நடக்கப்போகிறது என்பது வெள்ளெலிகளுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? புதிய தலைவர் பதவியேற்றதும், முதல் நட்சத்திரம் முளைக்கும் நேரத்தில் தன் கொம்பாலேயே ஏரி மடையைத் திறப்பார். அது அந்தக் காட்டு வழக்கம். தண்ணீர் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு அப்பால் இருக்கும் புல்வெளிக்கு ஓடும். எல்லாரும் ஆரவாரம் செய்வார்கள். அதனால் வெள்ளெலிகள் முதல் நாளே மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டன.

பொடிச்சி மட்டும் போகவில்லை. அவளுக்கு முந்தின நாள்தான் பிரசவம். ஏழு பிள்ளைகள்.

அவள் முதலில் கொம்பையனிடமே நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அவர் காது எங்கேயோ உயரத்தில் இருந்தது. இவள் குரல் புல்லுக்குக் கீழே இருந்தது. அவர் எடுத்துவைத்த குளம்பில் நசுங்காமல் தப்பி வந்ததே பெரிய காரியம்.

பள்ளத்துக்கு நேர் மேலே, ஏரிக்கரையில் ஓர் இலுப்பை மரம். அதில் இருளாயி என்ற வௌவால் தொங்கிக்கொண்டிருந்தாள். பொடிச்சி அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டாள்.

"அக்கா! இருளாயி அக்கா! இன்னிக்கு விழாவுல வேண்டுதல் சொல்லப்போறது நீங்கதானாமே?"

"ஆமா பொடிச்சி. ஒவ்வொரு தலைவருக்கும் ஒவ்வொரு இனம் சொல்லணுமாம். இந்தத் தடவை சீட்டுக் குலுக்கினதுல எங்க பேரு வந்துடுச்சு."

"எனக்காக ஒரே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கக்கா. மடையைப் பத்து நாள் கழிச்சுத் திறக்கச் சொல்லுங்க."

"நீயும் மேட்டுக்குப் போயிடேன்!"

"எப்படிக்கா போவேன்? ஏழு பிள்ளைங்களுக்கும் இன்னும் கண்ணு திறக்கல. தோலு வெங்காயச் சருகாட்டம் இருக்கு. வாயில கவ்வினா என் பல்லே கிழிச்சிடும். பத்து நாள் போனா கொஞ்சம் ரோமம் முளைச்சிடும். அப்புறம் ஒண்ணொண்ணா தூக்கிட்டுப் போயிடுவேன்."

இருளாயி தயங்கினாள். "அத்தனை பேர் கூடியிருக்கிற இடத்துல, வேண்டுதல்ல போய் இதைச் சொல்லலாமா?"

"வேண்டுதல்னாலே வேணும்னு சொல்றதுதானே அக்கா! வேற எதுக்கு அது?"

யோசித்துப் பார்த்தால் பொடிச்சி சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த விழாவில் தலைவர் பேசும்போதுகூடக் கூட்டம் குறுக்கே பேசும். வேண்டுதல் சொல்லும்போது மட்டும்தான் யாரும் குறுக்கிடக் கூடாது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அமைதியாக இருக்க வேண்டும். ஏழைக்கு வாய் திறக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"சரி, சொல்றேன்" என்றாள் இருளாயி.

மாலை வந்தது. ஏரிக்கரையில் கால் வைக்க இடமில்லை. கொம்பையன் மண்ணில் புரண்டு, குளித்து, பளபளவென்று வந்து நின்றார். அவர் முதுகில் அவருடைய ஆலோசகரான உண்ணிக்கொக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. அது எப்போதும் அங்கேதான் உட்காரும்.

"இப்பொழுது வேண்டுதல்! எல்லாரும் கண்ணை மூடுங்கள்!" என்று கொக்கு அறிவித்தது.

இருளாயி இலுப்பை மரத்தின் தாழ்ந்த கிளைக்குப் பறந்து வந்தாள். இரண்டு காலாலும் கிளையைப் பற்றினாள். தலைகீழாகத் தொங்கினாள். இறக்கைகளை மார்போடு சேர்த்துக் குவித்துக்கொண்டாள். அவள் வேறு எப்படி நிற்பாள்? வௌவாலின் கால்கள் அதன் உடம்பைத் தாங்காது. பிறந்த நாளிலிருந்து அவள் சாப்பிட்டதும் தூங்கியதும் கும்பிட்டதும் அப்படித்தான்.

அவள் சொன்னாள்:

"மேலே இருக்கும் வானமே! கீழே இருக்கும் மண்ணே! புதிய தலைவருக்கு நல்ல மனசு கொடுங்கள். ஏரிக்குக் கீழே பள்ளத்தில் ஏழு பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. இன்னும் கண் திறக்கவில்லை. பத்து நாளைக்கு மடை திறக்க வேண்டாம் என்று தலைவருக்குச் சொல்லுங்கள். பத்தே பத்து நாள். அவர்களைப் பெற்றவள் கையெடுத்துக் கும்பிடுகிறாள். அவளோடு சேர்ந்து நானும் கும்பிடுகிறேன்."

அவ்வளவுதான் வேண்டுதல். ஓர் இலை அசையும் சத்தம்கூட இல்லாத அமைதி. ஒவ்வொரு சொல்லும் கரை முழுவதும் எல்லார் காதிலும் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல முடியும். அதற்குமேல் அது உள்ளே போகவில்லை.

பள்ளத்தில், வளை வாசலில் நின்று பொடிச்சியும் அதைக் கேட்டாள். ஒரு சொல் விடாமல் கேட்டாள். "அக்கா சொல்லிட்டாங்க! இனிமே பயமில்ல!" என்று பிள்ளைகளிடம் சொன்னாள். குளிர் வராமல் இருக்க வளை வாசலை மண்ணால் அடைத்தாள். ஏழு பேரையும் அணைத்துக்கொண்டு பால் கொடுக்கப் படுத்தாள்.

மேலே கரையில் சடையன் என்ற கருங்குரங்கு எழுந்து நின்றான்.

"பார்த்தீங்களா அக்கிரமத்தை! வானத்துக்கே காலைக் காட்டுறா! காலை நீட்டிக்கிட்டு ஒரு வேண்டுதலா?"

கூட்டம் சலசலத்தது. கண்ணை மூடியிருக்க வேண்டிய நேரத்தில் இவன் காலை எப்படிப் பார்த்தான் என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் எல்லாருமே பார்த்திருந்தார்கள்.

மயிலார் தோகையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நாங்க காலங்காலமா வானத்தை நிமிர்ந்து பார்த்துத்தான் வேண்டுறோம். எங்க மனசைப் புண்படுத்திட்டாங்க!"

"யோவ், என்ன பேசுற நீ?" என்று காட்டுப்பன்றி உறுமியது. "தலையை மண்ணுக்குத் தாழ்த்திக் கும்பிட்டா பாரு, அதான் பக்தி! எங்க வழிதான் சரின்னு இன்னிக்கு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு!"

"பதவியேற்புக்கும் வேண்டுதலுக்கும் என்ன சம்பந்தம்? வேண்டுதலே கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன்!" என்று பாறை மேலிருந்து உடும்பு கத்தியது.

"உன்னை யாரு கேட்டா?" என்று மயிலாரும் பன்றியும் ஒரே குரலில் கேட்டார்கள். அன்று அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

காகத்துக்கு ஒரே கொண்டாட்டம். ஒவ்வொருவர் முன்னாலும் போய் உட்கார்ந்து, "வேண்டுதலைப் பத்தி உங்க கருத்து என்ன?" என்று கேட்டது. ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் கொண்டுபோய்ச் சொன்னது. மான் சொன்னதற்கு முள்ளம்பன்றி பதில் சொன்னது. முள்ளம்பன்றி சொன்னதற்குக் கீரி பதில் சொன்னது. பேச்சு ஏச்சானது, ஏச்சு தள்ளுமுள்ளு ஆனது.

கொம்பையன் இன்னும் உறுதிமொழிகூடச் சொல்லவில்லை. பாவம், அவர் கெட்டவர் இல்லை. தன் முதல் நாளே இப்படிச் சந்தி சிரிக்கிறதே என்று அவருக்குக் கலக்கம்.

"என்ன செய்யலாம்?" என்று முதுகைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"மடையைத் திறந்துடுங்க தலைவரே!" என்றது கொக்கு. "தண்ணி பாயுற சத்தம் கேட்டா எல்லாரும் இதை மறந்துடுவாங்க."

"இன்னும் நட்சத்திரம் வரலையே?"

"இந்தச் சண்டையில நட்சத்திரத்தை யாரு பார்க்கப்போறாங்க?"

கொம்பையன் மடையை நோக்கி நடந்தார். அதைப் பார்த்ததும் இருளாயி கிளையை விட்டுப் பாய்ந்தாள். கூட்டத்தின் தலைக்கு மேலே வட்டமிட்டுப் பறந்து கத்தினாள்.

"வேண்டாம் தலைவரே! திறக்காதீங்க! உள்ள பிள்ளைங்க இருக்கு!"

"பாருங்க, செய்யுறதையும் செஞ்சிட்டு எப்படிக் கூச்சல் போடுறா!" என்றான் சடையன்.

"நம்ம ஆளு, விட்டுக்கொடுக்காம கத்துறா பாரு!" என்றது பன்றி.

கொம்பையன் மடைப் பலகையைக் கொம்பால் நெம்பித் தூக்கினார். தண்ணீர் பாய்ந்தது. கொக்கு சொன்னது பலித்தது. எல்லாரும் சண்டையை நிறுத்திவிட்டு ஆரவாரம் செய்தார்கள்.

இருளாயி பள்ளத்துக்குப் பறந்தாள். அங்கே வளை வாசல் அடைத்திருந்தது. அதன்மேல் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. வௌவாலால் மண்ணைத் தோண்ட முடியுமா? தண்ணீருக்கு மேலே பறந்து பறந்து பொடிச்சியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அது ஒன்றுதான் அவளால் முடிந்தது.

மறுநாள் காலையிலும் கரையில் கூட்டம் கலையவில்லை. வேண்டுதல் முறையாகச் சொல்லப்பட்டதா என்று விசாரிக்கக் கொம்பையன் சபை கூட்டியிருந்தார். இனிமேல் வௌவால் இனத்துக்குச் சீட்டே போடக் கூடாது என்று சடையன் வாதாடிக்கொண்டிருந்தான்.

அப்போது, தண்ணீர் வடிந்துபோன பள்ளத்திலிருந்து, உடம்பெல்லாம் சேறு அப்பிய ஒரு வெள்ளெலி கரையேறி வந்தாள். பொடிச்சிதான். வேர் ஒன்றைப் பிடித்துத் தொங்கி அவள் மட்டும் பிழைத்திருந்தாள். வாயில் கவ்வி வந்ததைக் கொம்பையனின் குளம்புக்கு முன்னால் வைத்தாள். திரும்பப் பள்ளத்துக்கு இறங்கினாள். இன்னொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இப்படி ஏழு முறை. இப்போது பல் பட்டுத் தோல் கிழியுமோ என்று அவள் பயப்பட வேண்டியிருக்கவில்லை.

நான்காவது பிள்ளை வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது.

கொம்பையன் தலையைத் தரைவரை தாழ்த்தினார். "யாரும்மா நீ?"

"நேத்து வேண்டுதல்ல இருந்தேனே ஐயா" என்றாள் பொடிச்சி.

கொம்பையனுக்கு விளங்கவில்லை. சடையனைப் பார்த்தார். "நேத்து வேண்டுதல்ல என்ன சொன்னாங்க?"

"அது வந்து... காலை மேல தூக்கிக்கிட்டு..."

"காலை விடு. என்ன சொன்னாங்க?"

சடையன் மயிலாரைப் பார்த்தான். மயிலார் பன்றியைப் பார்த்தார். பன்றி மண்ணைப் பார்த்தது. எல்லார் கருத்தையும் சேகரித்து வைத்திருந்த காகம், தன் இறக்கையைக் கோதிக்கொண்டது.

"நான் கேட்டேன்யா" என்றாள் பொடிச்சி. "பத்து நாள் கேட்டேன். நீங்க யாரும் கேக்கல."

கொம்பையனின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. உண்மையான கண்ணீர்தான். அவர் சொன்னார்:

"நாம் பெரிய பாவம் செய்துவிட்டோம். இந்தப் பிள்ளைகளுக்காக இப்போது எல்லாரும் சேர்ந்து ஒரு வேண்டுதல் சொல்வோம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். பலர் அழுதார்கள். அப்போது மயிலார் மெதுவாகக் கேட்டார், "யாரு சொல்றது?"

"நாங்க சொல்றோம்" என்றது பன்றி.

"துக்கத்துக்கு வானத்தைப் பார்த்துச் சொல்றதுதான் முறை!"

"செத்தவங்க போறது மண்ணுக்குள்ள! மண்ணைப் பார்த்துத்தான் சொல்லணும்!"

"துக்கத்துல எதுக்கய்யா வேண்டுதல்? சும்மா நின்னாப் போதாதா?" என்றது உடும்பு.

"உன்னை யாரு கேட்டா?"

சத்தம் ஏறியது. கொம்பையன், "அமைதி! அமைதி!" என்று கத்தினார். அதற்குள் அவர் யார் பக்கம் என்று கேட்டு இரண்டு தரப்பும் அவரைச் சூழ்ந்துகொண்டன.

பொடிச்சி ஒரு பிள்ளையை வாயில் கவ்விக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தாள். திரும்ப வந்தாள். அடுத்த பிள்ளையை எடுத்துக்கொண்டாள். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போய்வந்தாள். இருளாயி மட்டும் மரத்திலிருந்து இறங்கி, தரையில் தவழ்ந்து தவழ்ந்து அவள் பின்னால் போனாள்.

பொடிச்சி ஏழாவது பிள்ளையோடு கரையை விட்டு இறங்கும்போது காகம் பறந்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்தது.

"ஒரு நிமிஷம்மா! வானத்தைப் பார்த்துச் சொல்லணுமா, மண்ணைப் பார்த்துச் சொல்லணுமா? உங்க கருத்து என்ன?"

பொடிச்சி காகத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அவள் வாயில் பிள்ளை இருந்தது.

ஒரு வேண்டுதலை எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார்கள் என்று சண்டை போடுகிறவர்கள், அதைக் காதில் வாங்காமலே, யாருக்காக அதைச் சொன்னார்களோ அவர்களைச் சாகவிட்டுவிடுவார்கள்.