மேசையில் இருநூறு

“பாட்டு நடுவுல நின்னுருதும்மா. ஏன்?” என்று கேட்டார் துரைசிங்.

கேட்டவருக்கு அறுபத்தெட்டு வயது. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். பதில் சொல்ல வேண்டியவள் சபீனா. வயது முப்பதுகூட ஆகவில்லை. வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுப்பது அவள் வேலை.

“யாருக்கு சார் பாட்டு?”

“என் மனைவிக்கு.”

எட்டு மாதத்துக்கு முன்பு ஜாய்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. ஆனால் இன்டர்நெட் வழியாக ஸ்பீக்கரில் பழகிய கீர்த்தனை ஓடினால் கூடவே பாடினார். பேச வராத வார்த்தைகள் பாட்டில் வந்தன. தினமும் பாடட்டும், பேச்சு அந்த வழியாகத் திரும்பினாலும் திரும்பும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

பாட்டு பாதியில் நின்றால் ஜாய்ஸும் நின்றுவிடுவார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அன்றைக்கு அவ்வளவுதான்.

துரைசிங் ஒரு நோட்டை விரித்தார்.

“நெட் ஸ்பீடு அம்பது எம்.பி. இருந்துச்சு. நூறாக்கினேன். நின்னுச்சு. இருநூறாக்கினேன். ரவுட்டரை மாத்தினேன், இதுக்கு நாலு ஆன்டெனா. அப்பவும் நிக்குது. தினமும் அளந்து எழுதியிருக்கேன், பாரு. ஒருநாள்கூட நூத்தித் தொண்ணூறுக்குக் கீழ போகல.”

சபீனா பக்கங்களைப் புரட்டினாள்.

“எங்க உக்காந்து அளந்தீங்க?”

“இந்த மேசையிலதான்.”

ரவுட்டரும் அதே மேசையில் இருந்தது. பச்சை விளக்குகள் மினுங்கின.

“ஒரு பாட்டு வர்றதுக்கு எவ்வளவு வேணும்மா?”

“ரெண்டு போதும் சார். விடாம வரணும். அவ்வளவுதான்.”

“ரெண்டா! அப்போ இருநூறை வச்சு நான் என்ன செஞ்சுக்கிட்டிருக்கேன்?”

அவள் தன் போனை அவர் கையில் கொடுத்தாள். திரையில் வேகம் எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது.

“இதைப் பாத்துக்கிட்டே அம்மா ரூமுக்கு நடங்க.”

நடந்தார்.

மேசையில் இருநூறு. கூடத்தைத் தாண்டியதும் எழுபது. இரும்பு பீரோவைக் கடந்தபோது பதினொன்று.

கட்டிலருகே இரண்டு. பிறகு அரை. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி இரண்டு.

துரைசிங் திரும்பிப் போனார். மேசையிலிருந்து இன்னொரு முறை நடந்தார். அதே எண்கள்.

“இந்த ரூம்ல நான் ஏன் அளக்கவே இல்ல?”

“என்கிட்டயா சார் கேக்கறீங்க?”

சபீனா ரவுட்டரைக் கழற்றினாள். சுவரோரமாக வயரை இழுத்துப் போய், ஜாய்ஸின் அறை அலமாரியில் அதை வைத்தாள். அங்கிருந்து ஸ்பீக்கருக்கு நேராக ஒரு கேபிள் செருகினாள்.

“என் மேசைல ஸ்பீடு கொறஞ்சுருமே?”

“கொறையும்.”

அவர் மேசையைத் திரும்பிப் பார்த்தார். “சரி, பாட்டைப் போடு.”

முதல் சரணத்தில் ஜாய்ஸின் உதடு அசைந்தது. இரண்டாவதில் குரல் வந்தது. வழக்கமாக அறுந்துபோகும் இடம் நெருங்கியது.

பாட்டு தாண்டிப் போனது. ஜாய்ஸும் தாண்டிப் போனார்.

“இனிமே தினமும் நான் எதைப் பாக்கணும்மா?” என்று துரைசிங் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“உக்காருங்க சார், சொல்றேன்.”

உட்காரத் திரும்பினார்.

கட்டில் இருந்தது. மருந்து வைக்கிற ஸ்டூல் இருந்தது. நாற்காலி இல்லை. எட்டு மாதமாக அந்த அறையில் நாற்காலியே இல்லை.

சபீனாவைப் பார்த்தார். அவள் மீதி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

துரைசிங் போய்த் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நோட்டு மேசையிலேயே கிடந்தது.

“இதை எங்க போட?” என்றார், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல்.

பாடுவதை நிறுத்தாமலே, ஜாய்ஸ் கையை நீட்டி இடம் காட்டினார்.