நெடுங்குளத்துக் கல்

"அம்மையே, ராஜாவைப் புகழ என்னிடம் இனி ஒரு சொல்கூட மிச்சமில்லை."

இப்படிச் சொல்லிக்கொண்டு மலைக்குகை வாசலில் வந்து உட்கார்ந்தவர் அரண்மனைப் புலவர் எயினன் காரி. வயது ஐம்பது. உள்ளே இருந்தவர் குரத்தியார் என்ற சமணத் துறவி. ஊரே கும்பிடும் காரி, குரு என்று கும்பிடும் ஒரே ஆள் அவர்தான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜா எந்த ஊருக்கு என்ன ஆணை கொடுத்தாலும் கல்லில் வெட்டி நடுவார்கள். கல்லில் முதலில் வருவது மெய்க்கீர்த்தி, அதாவது ராஜாவின் புகழ்மாலை. ஆணை அதற்குப் பிறகுதான். புகழ்மாலை எழுதுவது காரியின் வேலை. ராஜா ஒரு சண்டை ஜெயித்தால் நாலு வரி கூடும். ஜெயிக்காவிட்டாலும் கூடும், அது வேறு கதை.

காரி தன் குறையைக் கொட்டினார். வெண்கொற்றக் குடை போட்டாயிற்று. செங்கோல், மணிமகுடம், சிங்காசனம் எல்லாம் போட்டாயிற்று. பகைவர் முடி உரசித் தேய்ந்த பாதம் என்றுகூட எழுதியாயிற்று. இதற்கு மேல் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது?

கடைசியாகக் கல் நட்டது எந்த ஊரில் என்று மட்டும் குரத்தியார் கேட்டார். நெடுங்குளம் என்றார் காரி. மேட்டுப் பண்ணைக்காரர் வாய்க்காலை அடைத்துக்கொண்டதாக ஊரார் முறையிட்டார்களாம். மாதம் பத்து நாள் தண்ணீர் ஊருக்கு என்று ராஜா தீர்ப்புச் சொன்னாராம்.

"வா, பார்த்துவிட்டு வருவோம்."

நெடுங்குளத்தில் வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பாதி வீடு பூட்டிக் கிடந்தது. குளக்கரையில் நட்ட கல்லுக்குப் பக்கத்தில் பூதி என்ற உழவுப் பெண் இருந்தாள். வந்தவர் அரண்மனைப் புலவர் என்று தெரிந்ததும் அவள் விடவில்லை. வாய்க்காலை மறுபடி அடைத்துவிட்டார்களாம். ஊரார் பண்ணையாட்களைக் கூட்டிவந்து கல்லைக் காட்டினார்களாம். அவர்கள் படித்துப் பார்த்து, ராஜா பெயரைக் கும்பிட்டுவிட்டு, போய் அடைப்பை இன்னும் இறுக்கினார்களாம்.

"இதில் தண்ணீர் எங்கே இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் ஐயா."

காரி படித்தார். நன்றாகத்தான் படித்தார். குடை வந்தது, மகுடம் வந்தது, பாதம் வந்தது. கடைசி வரியில் 'நெடுங்குளத்தார்க்கு நாம் கொடுத்த' என்று இருந்தது. அதோடு கல் முடிந்துவிட்டது. கீழே மண்தான்.

அவர் முகம் செத்துப்போயிற்று. தன் வரிகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. எந்தப் புலவன் பார்த்தான்? இன்னொரு கல் நடச் சொல்கிறேன் தாயே என்று தழுதழுத்தார். அழுதது நிஜம்தான்.

பூதி நம்பினாள், பாவம்.

"அந்தக் கல் இதைவிடப் பெரியதா?" என்று கேட்டார் குரத்தியார்.

"இல்லை அம்மையே. எல்லா ஊருக்கும் ஒரே அளவு."

"புகழ்மாலை இல்லாமல் வெட்டலாமா?"

"அது இல்லாத கல்லை ராஜாவின் கல் என்று யாரும் மதிக்க மாட்டார்கள்." கொஞ்சம் தயங்கி, "இந்த வருஷம் ஏழு வரி கூடியிருக்கிறது" என்றார்.

சுருக்கினால் ராஜா கோபிப்பாரா என்று கேட்டார் குரத்தியார். ராஜா அதை முழுசாகக் கேட்டதே இல்லை, பாதியில் தூங்கிவிடுவார் என்றார் காரி.

"அப்படியென்றால் கொஞ்சம் எடுத்துவிடுங்களேன் ஐயா," என்றாள் பூதி. "எங்கள் தண்ணீருக்கு இரண்டு வரி போதும்."

காரி கல்லைப் பார்த்தார். உதடு அசைய மேலிருந்து கீழே வந்தார். மறுபடி மேலே போனார். நிழல் நகர்ந்துகொண்டே இருந்தது.

"எதை எடுப்பது என்று தெரியவில்லையே தாயே," என்றார். "எல்லாமே நல்ல சொல்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். பூதி மூட்டை கட்ட வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.