சபை சுற்றி வந்த தாலித் தட்டு

வடிவாம்பாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவளுடைய குரு ஞானதேசிகருக்கு அவளைவிட வயது குறைவு. அதனால் சந்தேகம் கேட்கும்போதுகூட அவள் குரலில் கொஞ்சம் அதட்டல் இருக்கும்.

"நாளைக்கு என் மக செண்பகத்துக்குக் கல்யாணம். தாலித் தட்டு சபை முழுக்கச் சுத்தி வரும். எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுவாங்க. புருஷன் இல்லாதவ நான் மட்டும் தொடக் கூடாது. பெத்தவ கை படாத தாலி என்ன தாலி சாமி? யார் போட்ட சட்டம் இது?"

"வாங்க, கேட்டுப் பார்ப்போம்" என்று குரு எழுந்தார்.

மண்டபத்தில் மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். குரு அவளுடைய அண்ணன் கோமதிநாயகத்தைத் தனியே அழைத்து, தங்கை தாலியைத் தொட்டால் சம்மதமா என்று கேட்டார்.

"எனக்கென்ன சாமி, சந்தோஷம்தான். சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்களோ?"

மாப்பிள்ளையின் தாயிடம் போனார்கள்.

"பெத்தவங்க தொடாம வேற யார் தொடுறது? எனக்குச் சம்மதம். ஆனா பெண் வீட்டுப் பெரியவங்க ஒத்துக்கணுமே."

பூசணிக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வடிவாம்பாளின் அத்தைக்கும் மறுப்பில்லை. "ஆனா உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா சாமி?" என்றாள்.

வடிவாம்பாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"யாருக்குமே ஆட்சேபணை இல்லையே! எல்லாரும் ஊருக்குல்ல பயப்படுறாங்க."

"நீங்க?"

"நானும்தான். எத்தனை கல்யாணத்துல எத்தனை பேர் ஒதுங்கி நின்னாங்க. பார்க்கப் பாவமாத்தான் இருந்துச்சு. வாயைத் திறக்கலை."

"அப்போ உங்களுக்குப் பயந்து எத்தனை பேர் சும்மா இருந்தாங்களோ!"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நாளைக்குச் சபையில நீங்களே சொல்லிடுங்க சாமி. உங்க பேச்சை யார் தட்டுவா?" என்றாள்.

"நான் சொன்னா அது என் பேச்சு. அடுத்த கல்யாணத்துக்கும் என்னைத் தேடுவாங்க."

மறுநாள் குரு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். கோமதிநாயகம் தட்டோடு ஒவ்வொரு வரிசையாக வந்தார். வடிவாம்பாள் தூண் மறைவிலிருந்து வெளியே வந்து கையை நீட்டினாள்.

அண்ணன் நின்றுவிட்டார். அவர் சம்பந்தியம்மாளைப் பார்க்க, அந்த அம்மாள் அவரைப் பார்த்தாள்.

"நல்லாத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க சம்பந்தியம்மா" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

வடிவாம்பாள் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மணமேடையில் செண்பகம் அழுதுவிட்டாள். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, வடிவாம்பாள் அண்ணன் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு நேராகச் சுவரோரம் போனாள். அங்கே மாப்பிள்ளையின் சித்தி அலமேலு உட்கார்ந்திருந்தாள். அவளும் கணவனை இழந்தவள்தான்.

"ஐயோ, நான் வேண்டாம்மா. ஊர்ல என்ன சொல்..."

"ஊருன்னா நான்தான். தொடுங்க."

அலமேலு தொட்டாள். அதற்குப் பிறகு தட்டு யாரையும் விட்டுப் போகவில்லை.

பந்தி முடிந்ததும் வடிவாம்பாள் குருவிடம் வந்தாள். இப்போது குரலில் அதட்டல் இல்லை.

"இத்தனை காலமா எங்களை ஒதுக்கி வச்ச அந்த வழக்கத்தை முதல்ல யார்தான் ஆரம்பிச்சது சாமி?"

"யாருக்கும் தெரியாதும்மா" என்றார் குரு. "இன்னும் நாலு தலைமுறை போனா, இன்னிக்குத் தட்டு எல்லார்கிட்டயும் போச்சே, இதை ஆரம்பிச்சது யாருன்னும் யாருக்கும் தெரியாது."