வாலாட்டிக் குருவியின் தாளம்

மூங்கில் காட்டுக் குளம் அந்தக் கோடையில் பாதி வற்றிவிட்டது. ஒரு கரையோரம் தவளைகளின் தலைப்பிரட்டைகள் நெளிந்துகொண்டிருந்தன. எதிர்க்கரைக்கு யானைகள் தண்ணீர் குடிக்க வரும்.

யானைத் தலைவி பெரியாச்சி தவளைகளோடு ஓர் உடன்பாடு செய்திருந்தாள். இசை நடக்கும்வரை அவள் கூட்டம் கரையிலேயே நின்று குடிக்கும். இசை நின்றால் குட்டிகளை அடக்க முடியாது, அவை குளத்தில் இறங்கிவிடும். இறங்கினால் தலைப்பிரட்டை ஒன்றுகூட மிஞ்சாது.

தாளம் காட்ட வந்தவள் வெள்ளைச்சி என்ற வாலாட்டிக் குருவி. அன்றுதான் அவளுக்கு முதல் நாள். குளத்து நடுவில் ஒரு பாறைமேல் நின்றாள். பின்னால் தவளைகளும் சில்வண்டுகளும் மரங்கொத்தியும் அவள் வாலைப் பார்த்து இசைக்க வேண்டும். அதனால் அவள் முகம் எதிர்க்கரையில் இசை கேட்கும் கூட்டத்தைப் பார்த்தே இருந்தது.

இசை தொடங்கியது. யானைகள் அமைதியாகக் குடித்தன. ஆனால் அந்தக் கரையில் ஒரு மரக்கிளையிலிருந்த குரங்கு கொட்டாவி விட்டது.

"பாடுறது அவங்க. இவ வாலை ஆட்டுறதுக்கு இவ்வளவு மிடுக்கா?" என்று பக்கத்துக் குரங்கிடம் கேட்டுச் சிரித்தது.

வெள்ளைச்சிக்குச் சுருக்கென்றது. வாலை வேகமாக ஆட்டினாள். குரங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. அவள் இன்னும் வேகம் கூட்டினாள்.

பின்னால் தொப்பையன் என்ற தவளை திணறினான். அவன் பிள்ளைகளும் அந்தக் கரையோரத்தில்தான் இருந்தன.

"தங்கச்சி, மெதுவா. மூச்சு விட இடமில்லை."

அவள் காதில் அது விழுந்தது. ஆனால் கண் குரங்கின் மேலேயே இருந்தது.

மரங்கொத்தி தடுமாறியது. சில்வண்டுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தொப்பையனின் குரலும் பாதியில் அறுந்தது. குட்டியானை ஒன்று தண்ணீருக்குள் கால் வைத்தது.

வெள்ளைச்சி சட்டென்று திரும்பினாள். அப்போதுதான் தன் ஆட்களின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தாள். எல்லோருக்கும் வாய் உலர்ந்திருந்தது.

"தொப்பையண்ணே, நீங்க மூச்சு எடுங்க. உங்க மூச்சுக்கு நான் ஆடுறேன்."

தொப்பையன் நிதானமாக மூச்சை இழுத்துக் குரல் கொடுத்தான். அந்தக் குரலோடு அவள் வால் எழுந்து தாழ்ந்தது. இப்போது வால் இருந்தது யானைகளின் பக்கம். குட்டியானை அதையே உற்றுப் பார்த்தது. அதன் காது வாலோடு சேர்ந்து அசைந்தது. பிறகு பெரியாச்சியின் காதும் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் முறம் முறமாக அத்தனை காதுகளும் ஒரே தாளத்தில் ஆடின. அவற்றைப் பார்த்து மரங்கொத்தி மறுபடி தாளத்தைப் பிடித்துக் கொத்தியது. சில்வண்டுகளும் சேர்ந்துகொண்டன.

குட்டியானை காலைப் பின்னுக்கு எடுத்தது. தாகம் தீரும்வரை ஒரு யானையும் குளத்தில் இறங்கவில்லை.

கூட்டத்தின் முகம் பார்த்துத் தாளம் போடுகிறவர் கூட இருப்பவரை இழப்பார். கூட இருப்பவரின் மூச்சறிந்து போடுகிறவருக்குக் கூட்டமும் தானே வந்து சேரும்.