தணிகாசலம் துடைத்த அடுப்பு

"அம்மா, இந்த அடுப்பு என்னைப் பழி வாங்குது," என்றார் தணிகாசலம்.

மூக்கு நுனியில் கரி. கையில் ஒரு துணி. அறுபது வயது மனிதர் அழப்போகிற மாதிரி நின்றார்.

அவர் இருப்பது ஒரு மடத்தில். மடம் என்றதும் கோபுரமும் யானையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மலைமேல் ஒரு தியானக் கூடம், நாலு அறை, தகரக் கூரை, அவ்வளவுதான். அதற்குக் குரு வடிவம்மை. நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். தணிகாசலம் அவருக்குச் சீடர். லாரி ஓட்டியவர், குடித்தே குடும்பத்தைத் தொலைத்தவர், இங்கே வந்து குடியை விட்டவர்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே எரிஞ்சுது?" என்றார் வடிவம்மை.

"காலையில சுத்தம் பண்ணேம்மா. அதோட சரி. பத்தவே மாட்டேங்குது."

வடிவம்மை எழுந்து கூடத்துக்கு வந்தார்.

அது பெல்லட் அடுப்பு. மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளைத் தொட்டியில் கொட்டிப் பொத்தானை அமுக்கினால் போதும். உள்ளே ஒரு திருகு சுற்றிச் சுற்றிக் குச்சிகளை நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளிவிடும். கம்பி பழுக்கும், தீ பிடிக்கும், மார்கழிக் குளிரிலும் கூடம் வெதுவெதுப்பாகும்.

சாம்பலை அள்ளினால் சுத்தம் முடிந்தது. ஆனால் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை எதிலும் பழசு மிச்சம் இருக்கக் கூடாது. விளக்கின் எண்ணெய், குடத்துத் தண்ணீர், எல்லாவற்றையும் கவிழ்த்துக் கழுவிப் புதுசாக ஊற்றுவார்கள். தணிகாசலம் அடுப்பையும் விட்டுவைக்கவில்லை. பழைய குச்சிகளைக் கொட்டினார். திருகுக்குள் கிடந்ததையும் ஊதி எடுத்தார். கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்தார். பிறகு தொட்டியில் புதுக் குச்சி நிரப்பி, போதாக்குறைக்கு அடுப்புக்குச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார்.

"மாட்டுப் பொங்கலுக்குக் கெளம்பின மாதிரி இருக்கு," என்றார் வடிவம்மை.

"சிரிக்காதீங்கம்மா. பூங்கோதை வர்றா."

வடிவம்மை சிரிப்பை நிறுத்தினார்.

பூங்கோதை தணிகாசலத்தின் ஒரே மகள். கல்யாணத்துக்குக்கூட அப்பாவைக் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற மாதிரி அவரும் நடந்துகொள்ளவில்லை.

"பேத்தியையும் கூட்டிட்டு வர்றாம்மா. நான் இன்னும் பார்த்ததே இல்ல. ஒரு மணி நேரம்தான் இருப்பேன், நீங்க அழ ஆரம்பிச்சா அந்த நிமிஷமே கெளம்பிடுவேன்னுட்டா. இந்தக் குளிர்ல குழந்தையை எங்கம்மா உட்கார வைப்பேன்? இன்னைக்கு விட்டா இனி எனக்கு மகளும் இல்ல, பேத்தியும் இல்ல."

"சரி, பொத்தானை அமுக்குங்க. பார்ப்போம்."

அமுக்கினார். காற்றாடி இரைந்தது. திருகு சுற்றியது. இரண்டு பேரும் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெகுநேரம் கழித்து ஒரு குச்சி விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மெல்லிசாகப் புகைந்தது.

அடுப்பு 'கீ' என்று கத்திவிட்டு நின்றுபோனது.

"பார்த்தீங்களா? இதே கதைதான்."

சொல்லிக்கொண்டே தணிகாசலம் கதவைத் திறந்தார். விழுந்திருந்த இரண்டு குச்சிகளையும் வெளியே எடுத்துப் போட்டார். கிண்ணத்தைத் துடைத்தார். மூடியைக் கழற்றித் திருகை ஊதப் போனார்.

"நில்லுங்க. என்ன பண்றீங்க?"

"எங்கேயோ அழுக்கு இருக்கும்மா. முதல்லேருந்து துடைச்சுட்டு மறுபடி போடறேன்."

"காலையிலேருந்து இதேதானா?"

"ஒவ்வொரு தடவையும் விடாம பண்றேன்."

வடிவம்மை கையை நீட்டினார்.

"துணியைக் குடுங்க."

கொடுத்தார்.

வடிவம்மை அதை மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, துணி..."

"இனி கிடைக்காது."

தொட்டியில் இருந்து ஒரு கைப்பிடி குச்சியை அள்ளினார். கிண்ணத்தில் போட்டார். கதவைச் சாத்தினார்.

"திருகு காலியாக் கிடக்கு, அது நிறையற வரைக்கும் இது எரியட்டும். இப்ப அமுக்குங்க."

காற்றாடி இரைந்தது. தணிகாசலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. கை துணியைத் தேடியது. புகை வந்தது. அவர் கதவுப் பிடியைத் தொட, வடிவம்மை அந்தக் கையில் ஓர் அடி போட்டார்.

புகைக்கு நடுவில் மஞ்சளாக ஒரு நாக்கு எழுந்தது. அந்தக் கைப்பிடிக் குச்சி எரிந்து முடிவதற்குள் திருகு தன் குச்சிகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. தீ நிமிர்ந்து நின்றது.

தணிகாசலத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். அடுத்த நிமிஷமே முகம் வாடியது.

"அம்மா, அவகிட்ட முதல்ல நான் என்ன சொல்றது?"

"போன்ல என்ன சொல்வீங்க?"

"மன்னிப்புதாம்மா கேட்பேன். அவ அம்மாவை அடிச்சது, பள்ளிக்கூட வாசல்ல விழுந்து கிடந்தது, ஒண்ணு விடாம சொல்லிச் சொல்லி அழுவேன். பாதியில வெச்சுடுவா. மறுநாள் திரும்பவும் முதல்லேருந்து சொல்லுவேன்."

"கிண்ணத்துல நான் என்ன போட்டேன்?"

"குச்சி."

"சாம்பலையா போட்டேன்?"

தணிகாசலம் கண்ணாடிக்குள் எரிகிற தீயைத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே ஆட்டோ சத்தம் கேட்டது. வடிவம்மை எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டார். துணியையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

பூங்கோதை வாசற்படியிலேயே நின்றாள். முகத்தில் ஓர் இளக்கமும் இல்லை. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு குல்லா போட்ட ஒரு வாண்டு.

தணிகாசலத்துக்குப் பழசெல்லாம் நெஞ்சு வரைக்கும் ஏறி வந்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எது வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"பாப்பாவுக்கு என்ன பேரும்மா?"

பூங்கோதை திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"அவளையே கேளுங்க. சொல்லுவா," என்றாள் மெதுவாக.

வாண்டு அவரை மேலும் கீழும் பார்த்தது. கரிமூக்கைப் பார்த்துச் சிரித்தது.

"நீ யாரு?"

தணிகாசலம் மகளைப் பார்த்தார்.

பூங்கோதை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"தாத்தாடி," என்றாள்.